சிறுத்துப்போன கூட்டங்களின் மரபணுக் கணக்கு

ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் வாழும் வேங்கைகளில் சில கறுப்பாக இருக்கும். முழுக் கறுப்பு என்று சொல்லிவிட முடியாது. முதுகிலும் விலாவிலும் உள்ள கோடுகள் அகலமாகி, ஒன்றோடொன்று கலந்து, இடையிலுள்ள மஞ்சளை ஏறக்குறைய மூடிவிட்டிருக்கும். இதே சாயலில் குட்டிகள் புவனேசுவரம் நந்தன்கானனிலும் ராஞ்சியிலும் நம் வண்டலூர் அண்ணா உயிரியல் பூங்காவிலும் பிறந்திருக்கின்றன. அவற்றின் முன்னோரைத் தேடிக்கொண்டே போனால் எல்லாத் தடங்களும் சிமிலிபாலில்தான் போய்ச் சேர்கின்றன.

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழுவினர் இந்த வேங்கைகளின் டிஎன்ஏவை முழுமையாக வரிசைப்படுத்திப் படித்து, 2021இல் காரணத்தை வெளியிட்டார்கள். டாக்பெப் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது: ‘சி’ இருக்கவேண்டிய இடத்தில் ‘டி’. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மாறிய பிரதியைப் பெற்ற குட்டி கறுக்கிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றால் கறுப்பதில்லை, ஆனால் அதைத் தன் குட்டிகளுக்குக் கடத்தும். டாக்பெப் மரபணு ஆய்வாளர்களுக்கு முன்பே பழக்கமான பெயர்தான். வீட்டுப் பூனைகளின் மெல்லிய பட்டைகள் சில பூனைகளில் மட்டும் பெரிய சுழல்களாகவும் திட்டுகளாகவும் மாறுவதற்கும், ஆப்பிரிக்காவில் அரிதாகத் தென்படும் ‘ராஜ சிவிங்கிப்புலி’யின் புள்ளிகள் தடித்த வரிகளாக இணைவதற்கும் இதே மரபணுவின் பழுதுகளே காரணம் என்று 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். அடுப்படியில் படுத்திருக்கும் பூனையில் கிடைத்த விடை, மனிதர் எளிதில் நெருங்க முடியாத வேங்கைக்குப் பயன்பட்டது.

ஒப்பீட்டு மரபணுவியல் செய்யும் வேலையின் சிறிய மாதிரி இது. இரண்டு வேங்கைகளை எடுத்துக்கொண்டாலே அவற்றுக்கிடையே மாறுபடும் எழுத்துகள் லட்சக்கணக்கில் இருக்கும். எந்த எழுத்து எதைச் செய்கிறது என்று வேங்கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் சொல்ல முடியாது. ஒரு விலங்கின் கேள்விக்கு விடை வேறொரு விலங்கில் இருக்கிறது.

கறுப்பு நிறத்தால் அந்த வேங்கைகளுக்குத் தீங்கு என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. கவலை தருவது நிறமல்ல, அதன் விகிதம். அந்த ஆய்வின்படி சிமிலிபாலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வேங்கைகள் கறுப்பு. நாட்டின் பிற காடுகளின் வேங்கைகளில் தேடியபோது அந்த எழுத்து மாற்றமே அகப்படவில்லை. மிகச் சில வேங்கைகளிலிருந்து பெருகிய கூட்டம், வெளியிலிருந்து புதிய வேங்கைகள் வந்து சேராத காடு. அங்கே ஓர் அரிய எழுத்து தற்செயலாகவே பெருகிவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற எழுத்து ஒன்று இப்படிப் பெருகியிருக்கிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத வேறு எழுத்துகளும், இதயத்தையோ கருப்பையையோ பாதிப்பவை, அப்படியே பெருகியிருக்கலாம் அல்லவா? அதை அறிய, முதலில் எந்த எழுத்து தீங்கானது என்று தெரிந்திருக்க வேண்டும்.

உ.வே. சாமிநாதையர் ஒரு நூலைப் பதிப்பிக்க ஊர் ஊராகப் போய் ஏடுகளைத் தேடினார். ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு எது மூலபாடம், எது ஏடெழுதியவரின் கைப்பிழை என்று பிரிக்க முடியாது என்பதுதான் காரணம். மரபணுத்தொகையிலும் அப்படியே. எலி, வௌவால், யானை, திமிங்கலம், மனிதர் என்று பத்துக் கோடி ஆண்டுகளாகத் தனித்தனி வழிகளில் பிரதியெடுக்கப்பட்டுவந்த டிஎன்ஏக்களை வரிசையாக அடுக்கிப் பார்க்கும்போது, பெரும்பாலான இடங்களில் எழுத்துகள் தாறுமாறாக மாறிப்போயிருக்கும். சில இடங்களில் மட்டும் எல்லா விலங்குகளிலும் ஒரே எழுத்து நிற்கும். அங்கே சடுதிமாற்றம் நிகழவே இல்லை என்று பொருளல்ல. நிகழ்ந்தபோதெல்லாம் அதைச் சுமந்த உயிர் பிறக்காமலோ பிழைக்காமலோ குட்டி போடாமலோ போய்விட்டது. சிக்கல் என்னவென்றால், நான்கைந்து இனங்களை மட்டும் ஒப்பிட்டால் தற்செயலாக மாறாமல் நின்ற எழுத்துகளும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும். இனங்கள் கூடக்கூடத்தான் தற்செயல் விலகும்.

2011இல் 29 பாலூட்டிகளை ஒப்பிட்டபோது ஏறத்தாழ பன்னிரண்டு எழுத்துகள் கொண்ட துண்டு துண்டாகத்தான் இப்படி அடையாளம் காண முடிந்தது. அதன் தொடர்ச்சியாக, அமெரிக்காவின் பிராட் நிறுவனத்தைச் சேர்ந்த எலினார் கார்ல்சனும் அங்கும் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்திலும் பணியாற்றும் கெர்ஸ்டின் லிண்ட்பிளாட்-டோவும் முன்னின்று நடத்திய ஜூனோமியா திட்டம் 240 இனங்களைச் சேர்த்தது. பாலூட்டிக் குடும்பங்களில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் அதில் இடம்பெற்றன. முதல் அறிக்கை 2020 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. 2023 ஏப்ரலில் ‘சயின்ஸ்’ இதழ் பதினொரு ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றாக வெளியிட்டது. 240 இனங்கள் சேர்ந்ததும் ஒற்றை எழுத்தளவில் சொல்ல முடிந்தது. மனித மரபணுத்தொகையின் முந்நூறு கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகளில் குறைந்தது 10.7 விழுக்காடு, பாலூட்டிகளின் பரிணாமத்தில் மாறவிடாமல் காக்கப்பட்டுவந்தவை. புரதங்களைக் கட்டும் குறிப்புகள் இதில் சிறு பகுதிதான். மரபணுத்தொகையில் அவை சுமார் ஒன்றரை விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. மீதமுள்ளவற்றில் பெரும்பங்கு, எந்த மரபணு எப்போது, எங்கே, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று கட்டுப்படுத்தும் பகுதிகளாக இருக்க வேண்டும்.

மருத்துவம் இதை உடனே பிடித்துக்கொண்டது. மனித நோய்களுக்குக் காரணமான எழுத்துகளைத் தேடும் வேலை சுருங்கியது. செய்திகளிலும் அதுவே பெரிதாக வந்தது. காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு இதனால் கிடைத்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படவில்லை. எந்தப் பாலூட்டியின் டிஎன்ஏவைக் கையில் எடுத்தாலும், அதில் உள்ள அபூர்வமான எழுத்து ஒன்று, மற்ற 240 இனங்களிலும் அசையாமல் நிற்கும் இடத்தில் அமைந்திருக்கிறதா என்று இப்போது பார்த்துவிடலாம். அமைந்திருந்தால் அது பெரும்பாலும் தீங்கு.

இந்த முறையில் பரிசோதிக்கப்பட்டவற்றுள் ஒன்று, 1933இல் செத்துப்போன ஒரு நாய். அலாஸ்காவின் நோம் நகரில் 1925இல் தொண்டை அடைப்பான் பரவியபோது மருந்தை எடுத்துச் சென்ற பனிச்சறுக்கு வண்டிகளில் கடைசி வண்டியை இழுத்த நாய்களுக்குத் தலைமை தாங்கிய பால்ட்டோ, பாடம் செய்யப்பட்டு கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் வயிற்றுத் தோலில் இருந்து எடுத்த டிஎன்ஏவை இன்றைய நாய்களுடனும் 240 பாலூட்டிகளுடனும் ஒப்பிட்டார்கள். இன்றைய சாதி நாய்களைவிட பால்ட்டோவுக்கு மரபணுப் பன்மை கூடுதல், தீங்கான எழுத்துகள் குறைவு. இனத்தூய்மை என்ற பெயரில் நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே நாய்களை இணைசேர்த்து வந்ததன் விலை நூறாண்டுகளுக்குள்ளேயே கணக்கில் ஏறிவிட்டது.

தீங்கு என்ற சொல்லையும் அவசரப்பட்டுப் பயன்படுத்தக் கூடாது. எறும்புதின்னியின் டிஎன்ஏவில் பல் எனாமலுக்கான மரபணுக்கள் உடைந்து கிடக்கின்றன. பல்லே இல்லாத விலங்குக்கு அதனால் நட்டம் இல்லை. பூனைக் குடும்பத்தில் இனிப்புச் சுவையை உணரும் மரபணு ஒன்று செயலிழந்திருக்கிறது. இறைச்சி மட்டுமே தின்னும் பிராணிக்கு அது தேவைப்படவும் இல்லை. நமக்கே வைட்டமின் சியை உடலில் தயாரிக்கும் மரபணு பழுதானதுதான், பழம் தின்று சரிக்கட்டிக்கொள்கிறோம். ஒரு கிளையில் பிழையாகத் தெரிவது மற்றொரு கிளையில் வாழ்க்கை முறையின் அடையாளம். எனவே ஒப்பிடும்போது உறவுமுறை சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்த உறவுமுறையே டிஎன்ஏவால் பல இடங்களில் புரண்டிருக்கிறது. திமிங்கலத்துக்கு இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை. பாக் நீரிணையில் கடற்புல் மேயும் ஆவுளியாவுக்குச் சொந்தம் திமிங்கலமும் அல்ல, பசுவும் அல்ல, யானை.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ஒவ்வொரு பாலூட்டியும் தன் மரபணுத்தொகையை இரண்டு பிரதிகளாக வைத்திருக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் சில பகுதிகளில் எழுத்துகள் அடிக்கடி வேறுபடும். அந்தப் பகுதியைப் பொறுத்தவரை தாய்வழியும் தந்தைவழியும் பிரிந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. சில பகுதிகளில் நீண்ட தூரத்துக்கு ஒரு வேறுபாடும் இராது. அங்கே இருவருக்கும் பொது மூதாதை அண்மைக் காலத்தில் இருந்திருக்கிறார். சிறிய கூட்டத்தில் எல்லோருக்கும் பொது மூதாதை அண்மையிலேயே கிடைத்துவிடுவார், பெரிய கூட்டத்தில் வெகுதூரம் பின்னால் போக வேண்டும். இந்த ஆழ வேறுபாடுகளை வைத்து ஓர் இனத்தின் எண்ணிக்கை பல்லாயிரம் ஆண்டுகளில் எப்படி ஏறி இறங்கியது என்று கணக்கிடும் முறையை ஹெங் லி, ரிச்சர்ட் டர்பின் இருவரும் 2011இல் வகுத்தார்கள். அதற்கு ஒரே ஒரு விலங்கின் டிஎன்ஏ போதும்.

ஜூனோமியா குழுவினர் 240 இனங்களுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். கடந்த காலத்தில் நெடுநாள் சிறு எண்ணிக்கையில் இருந்த இனங்கள் தீங்கான எழுத்துகளைச் சராசரியாகக் கூடுதலாகச் சுமக்கின்றன. இன்று அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் அவை இடம்பெறும் வாய்ப்பும் கூடுதல். போதிய தகவல் இல்லை என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தாமல் விட்டுவைத்திருக்கும் ஓர்க்கா திமிங்கலம், ஜாவா சருகுமான், கலிலேயா மலையின் குருட்டு வளையெலி ஆகிய மூன்றையும் அதே கணக்கில் போட்டபோது, கூடுதல் ஆபத்து ஓர்க்காவுக்கு என்று வந்தது. காட்டிலும் கடலிலும் ஆண்டுக்கணக்கில் தலை எண்ண வழியில்லாத விலங்குகளுக்கு, யாரை முதலில் கவனிப்பது என்று முடிவெடுக்க இது உதவும். அதற்கு மேல் இதை நம்பலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒட்டுமொத்தச் சராசரி ஓர் இனத்தின் விதியைச் சொல்லாது. சொல்லும் என்பதற்கு எதிரான சான்றுகள் வலுவானவை.

மரபணுப் பன்மை குறைந்தால் இனம் அழியும் என்ற எண்ணம் பரவியதில் சிவிங்கிப்புலிக்குப் பெரும்பங்கு உண்டு. 1980களில் ஸ்டீவன் ஓபிரையன் குழுவினர் சிவிங்கிப்புலிகளின் தோலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒட்டிப் பார்த்தபோது, சொந்தமில்லாதவற்றின் தோலையும் அவற்றின் உடல் உடனே தள்ளிவிடவில்லை. அந்த அளவுக்கு ஒன்றைப் போலவே மற்றொன்று. அதே காலத்தில் ஓரிகனில் ஒரு பூங்காவில் பூனைக் காய்ச்சல் வகை நோய் ஒன்று பரவி அங்கிருந்த சிவிங்கிப்புலிகளில் பலவற்றைக் கொண்டுபோனது. ஃபுளோரிடாவின் பூமாக்கள் இருபது, முப்பது என்று சுருங்கியபோது வால் மடங்கிய குட்டிகளும் இதயக் குறையும் விதை இறங்காத ஆண்களும் பெருகின. 1995இல் டெக்சாசிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்ட பிறகு எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. பாடநூல்களில் ஏறிய உதாரணங்கள் இவை.

ஆனால் கலிபோர்னியாக் கரையை ஒட்டிய சான் நிக்கோலஸ் தீவில் ஒரு சிறு நரி வாழ்கிறது. அதன் மரபணுத்தொகையில் வேறுபாடுகள் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று 2016இல் ஜாக்குலின் ராபின்சன் குழுவினர் கண்டார்கள். நரி நன்றாகத்தான் இருக்கிறது.

மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவின் வடமுனையில் மட்டும் வாழும் வாக்கீட்டாவை எடுத்துக்கொள்வோம். ஓங்கிலுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஒன்றரை மீட்டர் நீளம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம். அறிவியல் அதற்குப் பெயரிட்டதே 1958இல்தான். 1997இல் நடந்த கணக்கெடுப்பில் ஐந்நூறுக்கு மேல் இருந்தது, 2018இல் பத்து அளவுக்கு வந்துவிட்டது. வாக்கீட்டாவை யாரும் வேட்டையாடவில்லை. அங்கே டொடோபா என்ற பெரிய மீனுக்குச் செவுள் வலை போடுகிறார்கள். மூச்சு விட மேலே வர முடியாமல் வாக்கீட்டா அதில் சிக்கிச் சாகிறது. டொடோபாவை எதற்குப் பிடிக்கிறார்கள் என்பது நம் கடற்கரை மக்களுக்கு விளக்காமலே புரியும். அது கத்தாழை, கூறல் மீன்களின் குடும்பம். அதன் நெட்டி எனப்படும் காற்றுப்பைக்குச் சீனச் சந்தையில் கிடைக்கும் விலைக்காக, மீன் பிடிப்பதே தடை செய்யப்பட்டிருந்தும் வலைகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன.

பத்துதான் மிஞ்சியது என்றானதும் ஒரு பேச்சு எழுந்தது: இனி வலையை நிறுத்தினாலும் பயனில்லை, உள்ளுக்குள்ளேயே இணைசேர்ந்து அழிந்துவிடும், பணத்தை வேறு இனத்துக்குச் செலவிடலாம். 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் ராபின்சன், கிறிஸ்டோபர் கிரியாசிஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இந்தப் பேச்சை நேராக எதிர்கொண்டது. 1985 முதல் 2017 வரை சேமித்துவைத்திருந்த திசுக்களிலிருந்து இருபது வாக்கீட்டாக்களின் மரபணுத்தொகையைப் படித்து, பிற திமிங்கல, ஓங்கில் இனங்களுடன் ஒப்பிட்டார்கள். பன்மை மிகக் குறைவு என்பது உறுதியானது. ஆனால் அது வலைகளால் நேர்ந்த குறைவு அல்ல. பல்லாயிரம் ஆண்டுகளாகவே இந்த இனம் சில ஆயிரங்களைத் தாண்டியதில்லை; அந்த மூலையை விட்டு அது வெளியே வந்ததும் இல்லை.

இங்கேதான் தீங்கான எழுத்துகளைத் தரம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இலேசான தீங்கு தரும் எழுத்துகள் சிறு கூட்டத்தில் தற்செயலாகத் தேங்கிவிடும்; இயற்கைத் தேர்வு அவற்றைக் களையும் அளவுக்கு அங்கே வலுவாக இயங்காது. ஜூனோமியாவின் சராசரி காட்டியது பெரும்பாலும் இதைத்தான். உயிரையே வாங்கும் எழுத்துகளின் கதை வேறு. பெரிய கூட்டத்தில் அவை ஒற்றைப் பிரதியாக, எந்தக் கெடுதலும் செய்யாமல், தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வரும். சிறு கூட்டத்தில் சொந்தக்காரர்கள் இணைசேர்வதால் இரண்டு பிரதிகளும் ஒரே குட்டியிடம் அடிக்கடி வந்துசேரும். அந்தக் குட்டி சாகும், எழுத்தும் அதனோடு போகும். மெதுவாக, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் இப்படி நடந்துகொண்டிருந்தால் கொடிய எழுத்துகள் பெரும்பாலும் கழிந்துவிடும். வாக்கீட்டாவில் அவை கழிந்தே இருந்தன. வலையில் சாவதை முற்றாக நிறுத்திவிட்டால் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இனம் அழிவதற்கான வாய்ப்பு 6 விழுக்காடு என்று அவர்களுடைய கணினிக் கணக்கு காட்டியது. வலைச் சாவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் 27 விழுக்காடு. ஐந்தில் ஒரு பங்காக மட்டும் குறைந்தால் 62. மரபணு கைவிடவில்லை, வலைதான் கொல்கிறது என்று மெக்சிகோ அரசின் முன் எண்களோடு வைக்க முடிந்தது. வலைகளைச் சிக்கவைத்துக் கிழிக்கும் கொக்கிகள் பதித்த சிமெண்ட் கட்டைகளை அந்நாட்டுக் கடற்படை 2022இல் கடலடியில் இறக்கியது. அதற்குப் பிந்தைய கணக்கெடுப்புகளிலும் சில தாய்களும் கன்றுகளும் தென்பட்டிருக்கின்றன.

இதன் மறுபக்கம் அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி நடுவே உள்ள ஐல் ராயல் தீவின் ஓநாய்கள். 1940களின் இறுதியில் உறைந்த ஏரியைக் கடந்து சில ஓநாய்கள் அங்கே போய்ச்சேர்ந்து மூஸ் மான்களைத் தின்று பெருகின. அவை புறப்பட்டு வந்தது பெருந்தொகையான ஓநாய்கள் வாழும் பெருநிலத்திலிருந்து. அங்கே ஒளிந்திருந்த கொடிய எழுத்துகளையும் கூடவே கொண்டுவந்தன. சொந்தத்துக்குள்ளேயே சில பத்தாண்டுகள் இணைசேர்ந்ததும் முதுகெலும்பு கோணியும் விரல்கள் ஒட்டியும் ஓநாய்கள் பிறந்தன. 1997இல் புதிய ஆண் ஓநாய் ஒன்று பனிமேல் நடந்து தீவுக்கு வந்தது. அதன் வாரிசுகள் வலுவாக இருந்ததால் சில தலைமுறைகளில் எல்லா ஓநாய்களும் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகவே ஆகிவிட்டன. அது கொண்டுவந்த ஒளிந்த எழுத்துகளும் இரட்டைப் பிரதிகளாக வெளிப்படத் தொடங்கின. 2016இல் தீவில் எஞ்சியவை இரண்டே இரண்டு ஓநாய்கள், தந்தையும் மகளும். பிறகு தேசியப் பூங்காத் துறை வெளியிலிருந்து ஓநாய்களைப் பிடித்துவந்து விட்டது.

பத்து வாக்கீட்டாவும் ஐல் ராயலின் சில ஓநாய்களும் எண்ணிக்கையில் ஒரே வகைச் சிறு கூட்டம்தான். ஒன்று நெடுங்காலமாகச் சிறியது, மற்றொன்று திடீரெனச் சிறுத்தது. வித்தியாசம் கூட்டம் அந்த நிலைக்கு வந்த பாதையில் இருக்கிறது. பாதை டிஎன்ஏவில் மட்டுமே பதிந்திருக்கிறது. பன்மை குறைந்தால் என்ன, ஒன்றும் ஆகாது என்று சில ஆய்வாளர்கள் சான் நிக்கோலஸ் நரியைக் காட்டிப் பேசத் தொடங்கியதும், மார்ட்டி கார்டோஸ் போன்றோர் கடுமையாக மறுத்ததும் 2021இல் நடந்த விவாதம். இரு தரப்பையும் படித்தால் கார்டோசின் பக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது. நரியும் வாக்கீட்டாவும் பிழைத்தவை. அதே வழியில் போய்ச் செத்த இனங்கள் ஆய்வுக்குக் கிடைக்காது. வாக்கீட்டாவுக்குக்கூட, பருவநிலையும் நோய்களும் மாறும்போது தகவமைத்துக்கொள்ளக் கையிருப்பு மிகக் குறைவு.

இந்தியாவுக்குத் திரும்பினால், நம் வேங்கைகள் பெரும்பாலும் ஓநாய்களின் பாதையில் வந்தவை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு வரை துணைக்கண்டம் முழுக்கப் பரந்திருந்த பெருங்கூட்டம், வேட்டையாலும் காடழிப்பாலும் சில தலைமுறைகளில் துண்டுபட்டது. உமா ராமகிருஷ்ணனின் மாணவர் அனுபவ் கான் முதலியோர் 57 வேங்கைகளின் மரபணுத்தொகையை ஒப்பிட்டு 2021இல் எழுதியது ராஜஸ்தானின் ரண்தம்போரைப் பற்றி முக்கியமாகப் பேசுகிறது. மற்றக் காடுகளிலிருந்து துண்டிக்கப்பட்ட ரண்தம்போர் வேங்கைகளில் கொடிய எழுத்துகள் மொத்தத்தில் குறைந்திருக்கின்றன; கழிதல் தொடங்கிவிட்டது. ஆனால் மிஞ்சியவை இரட்டைப் பிரதியாக நிற்பது மிகுதி. மத்திய இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும், காட்டுக்குக் காடு வேங்கைகள் போய்வர முடிகிற இடங்களில், நிலைமை இவ்வளவு மோசமில்லை. கழிந்துகொண்டிருக்கிறதே, காத்திருக்கலாமே என்று இதிலிருந்து முடிவுக்கு வருவது ஆபத்து. கழிதல் என்பது குட்டிகள் சாவதைக் குறிக்கும் நாகரிகமான சொல். வாக்கீட்டாவுக்கு அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் கிடைத்தன.

சிமிலிபாலுக்கு வெளி இரத்தம் கொண்டுவரும் முயற்சி 2024இல் தொடங்கியது. மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து இரண்டு பெண் வேங்கைகள் கொண்டுவரப்பட்டன. இரண்டாவதாக வந்த ஜீனத், காட்டில் திறந்துவிடப்பட்டதும் நடக்க ஆரம்பித்து, ஜார்க்கண்டுக்குள் புகுந்து, மேற்கு வங்கத்தின் ஜார்கிராம், புருலியா வழியாகப் பாங்குரா வரை போய், டிசம்பர் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்டது. ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரியில் எழுதும் ‘மரபணு மீட்பு’, தரையில் மூன்று மாநில வனத்துறைகள் ஓடித் திரிகிற வேலை. ஜீனத் திரும்பவும் சிமிலிபாலில் விடப்பட்டது. அது போன வழியைப் பார்த்தால், அந்தப் பக்கக் காடுகள் இன்னும் ஒன்றோடொன்று ஓரளவு தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன என்பதும் தெரிகிறது.

தமிழ்நாட்டுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஆய்வு 2024இல் வந்தது. அதே பெங்களூர் குழுவும், யானைகளை நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துவரும் ராமன் சுகுமாரும் சேர்ந்து, இந்தியாவின் பல பகுதி யானைகள் 34இன் மரபணுத்தொகையை ஒப்பிட்டார்கள். யானை இந்தியாவில் வடக்கிலிருந்து தெற்காகப் படிப்படியாகப் பரவியது. ஒவ்வொரு படியிலும் சில யானைகளே முன்னேறிப் புதிய கூட்டத்தைத் தொடங்கியதால், தெற்கே வரவரப் பன்மை குறைந்துகொண்டே வருகிறது. இந்தியா முழுவதற்கும் ஐந்து தனித்தனிக் கூட்டங்கள் என்றால், அவற்றில் மூன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கின்றன: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, பாலக்காட்டுக்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் இடையே ஒன்று, செங்கோட்டைக்குத் தெற்கே களக்காடு முண்டந்துறையையும் அகத்தியர் மலையையும் சேர்ந்த கடைசிக் கூட்டம். இந்தக் கடைசிக் கூட்டத்தில் 150க்கும் குறைவான யானைகளே உள்ளன. பன்மையிலும் அதுவே கடைசி.

பாலக்காட்டுக் கணவாய் அகலமானது, யானைக்கு அது தடை என்பது முன்பே தெரியும். செங்கோட்டைக் கணவாய் அவ்வளவு அகலமில்லை. 1904இல் கொல்லம் ரயில் பாதை அதன் வழியே வந்தது. பிறகு நெடுஞ்சாலை, ரப்பர், தேயிலைத் தோட்டங்கள், ஊர்கள். முன்பு எப்போதாவது ஒரு கொம்பன் இரவில் கடந்திருக்கக்கூடிய இடம், இன்று ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. கணவாயில் ஒரு வழித்தடத்தை மீட்டெடுப்பதே முதல் வேலை என்று இந்த ஆய்வைப் படிக்கும் எவருக்கும் தோன்றும். தோட்டங்களும் சாலையும் யாருடையவை, எந்த மாநிலத்தினுடையவை என்று பார்க்கத் தொடங்கினால் அது எவ்வளவு இழுக்கும் என்பதும் தெரியும்.

இதற்கிடையே ஒரு யானை அந்தக் கணவாயைக் கடந்துவிட்டது, லாரியில். மூணாறு அருகே சின்னக்கானலில் அரிசிக்காகக் கடைகளையும் வீடுகளையும் உடைத்துப் பெயரெடுத்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் இறுதியில் கேரள வனத்துறை பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டது. மே மாதம் அது கம்பம் நகருக்குள் இறங்கியது. ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை அதைப் பிடித்து, தேனியிலிருந்து தெற்கே ஏற்றிச்சென்று, களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தின் மேல் கோதையாறு பகுதியில் விட்டது. சின்னக்கானல் இரண்டு கணவாய்களுக்கும் இடைப்பட்ட கூட்டத்தின் பகுதி. கோதையாறு செங்கோட்டைக்குத் தெற்கே உள்ள கூட்டத்தின் பகுதி. மனிதருக்கும் யானைக்கும் நடந்த மோதலைத் தீர்க்க எடுத்த முடிவு அது, மரபணுவை யாரும் மனதில் வைக்கவில்லை. ஆனால் நடந்தது, பன்மை மிகக் குறைந்த கூட்டத்துக்குள் பக்கத்துக் கூட்டத்தின் வளர்ந்த ஆண் ஒன்றைச் சேர்த்ததுதான். ஃபுளோரிடாவுக்கு வந்த டெக்சாஸ் பூமாவாக அது அமையுமா, ஐல் ராயலுக்கு நடந்துபோன ஓநாயாக அமையுமா என்பதை இரண்டு கூட்டங்களின் எழுத்துகளையும் ஒப்பிட்டுத்தான் கணிக்க வேண்டும். 34 யானைகளின் தரவு அதற்குத் தொடக்கம் மட்டுமே. ஒரு கன்று கருவிலிருந்து வெளிவர இருபத்திரண்டு மாதங்கள் ஆகும். கோதையாறு, முண்டந்துறைக் காடுகளில் கன்றுகளின் சாணத்தைச் சேகரித்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தால், அரிக்கொம்பனின் பிள்ளைகள் இருக்கின்றனவா, அதன் வழியாக வந்த எழுத்துகள் எவை என்று கண்டுபிடித்துவிடலாம். யானையைத் தொடவோ மயக்கவோ தேவையில்லை.